பக்கத்தில்தான், நடந்தே போகலாம்: நகரத்தில் நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்துக்குள் மக்கள் நடந்து போய்வருவதை எப்படி அதிகமாக்குவது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். காலை நடைப்பயிற்சி இந்தப் பக்கத்தின் விஷயம் இல்லை. கடைக்கு, பள்ளிக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு, வேலைக்கு என்று ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக நடப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நடப்பதை எல்லாம் போக்குவரத்து என்று சொல்ல முடியுமா?

சொல்லியே ஆக வேண்டும். பேருந்தில் போகிறவர் நிறுத்தம் வரை நடக்கிறார். ரயிலில் போகிறவரும் அப்படித்தான். கார்க்காரர்கூட வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து நடந்துதான் போகிறார். ஆனால் பயணக் கணக்கெடுப்பில் "எதில் போனீர்கள்?" என்று கேட்டால் "பேருந்தில்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் நடந்த பத்துப் பத்து நிமிடங்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியலில் ஏறாத ஒன்றுக்கு யாரும் பணம் ஒதுக்குவதும் இல்லை.

கொள்ளளவைப் பார்த்தாலும் நடைதான் முன்னால் நிற்கிறது. சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தைக் கார்களுக்கு விட்டால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை அதில் கடந்துபோக முடியும். அதே அகலத்தை நடைபாதையாக விட்டால் 8,000 முதல் 9,000 பேர் வரை போகலாம். இது உலக அளவில் தெரு வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. இடம் குறைவாக இருக்கும் நகரத்தில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

எவ்வளவு தூரம் வரை நடக்கச் சொல்கிறீர்கள்?

ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர். அதற்கு மேல் நடக்கிறவர் நடக்கட்டும், கட்டாயமில்லை. சராசரி ஆள் மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகத்தில் நடப்பார். அப்படியானால் 1 கி.மீ.க்கு 12 நிமிடம். வண்டியை வெளியே எடுத்து, சிக்னலில் நின்று, போன இடத்தில் பார்க்கிங் தேடி, பூட்டிவிட்டு உள்ளே போகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், இந்தத் தூரத்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடக்க ஆகும் நேரத்தைப் பெரும்பாலானவர்கள் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். வண்டியிலேயே பழகியவருக்கு, ஊரின் இரண்டு முனைகள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். ஸ்பெயினில் உள்ள பொன்தேவேத்ரா என்ற சிறிய நகரம் இதற்கு ஓர் எளிய வழி கண்டது. மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு படம். ஆனால் நிலையங்களுக்குப் பதிலாகச் சந்தை, சதுக்கம், மருத்துவமனை போன்ற இடங்கள், நடுவே ஒவ்வொரு கோட்டின் மேலும் நடக்க ஆகும் நிமிடங்கள். 'மெட்ரோமினுட்டோ' என்று அதற்குப் பெயர். பிறகு வேறு பல நகரங்களும் இதைப் பின்பற்றின. எந்த உள்ளாட்சி அமைப்பும் ஒரே மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், அதுதானே உண்மையான காரணம்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் அலுப்பூட்டுவது. அதே மக்கள் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் போனால் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள், ஒருவரும் முணுமுணுப்பதில்லை. அங்கே தரை சமமாக இருக்கிறது. வண்டி வந்து இடிக்காது. நிழல் இருக்கிறது. வழி தெரிகிறது. வெளியே தெருவுக்கு வந்ததும் இந்த நான்கும் ஒன்றாகக் காணாமல் போகின்றன.

ஒரு வழியில் 95 சதவீதம் நன்றாக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் சாக்கடை மூடி திறந்து கிடந்தால், அந்த வழி முழுவதுமே பயனில்லாமல் போய்விடும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரும் தாய்க்கு அந்த ஓர் இடம்தான் முடிவெடுக்கும் இடம். அடுத்த முறை அவர் ஆட்டோ பிடித்துவிடுவார். இதை நாம் சோம்பல் என்று பதிவு செய்துகொள்கிறோம்.

அதனால்தான் 'நடங்கள், நலமாக இருங்கள்' என்ற விளம்பரப் பலகைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தப் பலகையின் கால்களே பல இடங்களில் நடைபாதையின் நடுவில்தான் நட்டிருக்கும்.

சரி, நல்ல நடைபாதைக்கு என்ன இலக்கணம்?

முதலில் அகலம். தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் கடக்க அவ்வளவு தேவை. 'தடையில்லாமல்' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். காகிதத்தில் 2 மீட்டர் நடைபாதை என்று இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் மின்கம்பம், மின்மாற்றிப் பெட்டி, மரத்தொட்டி, குப்பைத் தொட்டி எல்லாம் போக மிச்சம் அரை மீட்டர்தான் இருக்கும். நன்றாகத் திட்டமிட்ட தெருவில் இவற்றுக்கெல்லாம் சாலையோரமாகத் தனிப்பட்டை ஒன்று ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு உள்பக்கம் நடப்பதற்கான பகுதி, அதற்கும் உள்ளே கடை வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் இடம்.

அடுத்தது உயரம். இதில் நடக்கும் தவறு வினோதமானது. மழைநீர் ஏறக்கூடாது, வண்டி ஏறக்கூடாது என்று நடைபாதையை முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். வண்டி ஏறவில்லை, சரிதான். மனிதனாலும் ஏற முடியவில்லை. விளிம்புக்கல் 15 செ.மீ.யைத் தாண்டினாலே முதியவர்களுக்குச் சிரமம். அவர்கள் கீழே இறங்கிச் சாலையோரமாகவே நடந்துவிடுகிறார்கள். பிறகு "நடைபாதை கட்டிக் கொடுத்தும் பயன்படுத்த மாட்டேன் என்கிறார்கள்" என்று குற்றச்சாட்டு வரும்.

மூன்றாவதாக, வீட்டு வாசல்களும் கடை வாசல்களும். ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றினால், நடப்பவர் நூறு மீட்டருக்குள் பத்துமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கும். நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும்; உள்ளே போகிற வண்டிதான் சின்னச் சரிவில் ஏறி இறங்க வேண்டும். பக்கத் தெருக்கள் பெரிய சாலையில் சேரும் இடத்திலும் இதே விதிதான். அந்த முனையில் நடைபாதை அறுபடாமல் போனால், திரும்புகிற வண்டி தானாகவே வேகம் குறைக்கும்.

டைல்ஸ் நிறம், ஓரத்தில் அலங்கார விளக்கு, செல்ஃபி எடுக்கும் இடம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டிவிட்டால் போதாதா?

நகரச் சாலைகளில் பெரும்பாலும் போதாது. பல இடங்களில் தேவையும் இல்லை. கணக்கு எளிது. கீழே லாரி போக வேண்டும் என்பதற்காகப் பாலத்தின் தளம் சுமார் 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. எதிர்ப்பக்கம் 15 மீட்டரில் இருக்கிறது. அதைத் தொட ஒருவர் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும் என்கிறோம். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அரை நிமிடம் காத்திருக்கக்கூடாது என்பதற்காக!

அதனால் பாலத்தின் அடியிலேயே ஆட்கள் கடக்கிறார்கள். உடனே நடுவில் கம்பிவேலி போடுகிறார்கள். வேலியில் ஓர் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்த்தால், அங்கேதான் முதலிலேயே கடக்கும் இடம் அமைத்திருக்க வேண்டும் என்று புரியும். பூங்காவில் புல்மேல் ஆட்கள் நடந்து நடந்து உண்டாகும் ஒற்றையடிப் பாதையைப் போலத்தான் அது.

தரைமட்டத்தில் ஜீப்ரா கிராசிங்கே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பெயிண்ட் மட்டும் அடித்தால் போதாது என்பதும் உண்மை. கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால் அதுவே வேகத்தடையாகவும் வேலை செய்யும். அகலமான சாலை என்றால் நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு வேண்டும். அப்போது ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளை மட்டும் கவனித்தால் போதும். முனையில் வண்டிகள் நிறுத்துவதைத் தடுத்து, கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க வழி செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஹோபோக்கன் என்ற சிறு நகரம் தெருமுனைகளில் பார்க்கிங்கை அகற்றி இந்த வேலையைத் தெருத்தெருவாகச் செய்தது. 2017-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முனைகளைத் திறந்துவிட்டது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்; வேறு மாற்றங்களும் கூடவே நடந்தன.

கடக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் முக்கியம். 400 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், நட்டநடுவில் இருப்பவர் எதிர்க்கடைக்குப் போக 200 மீட்டர் போய், 200 மீட்டர் திரும்பி வரவேண்டும். ஐந்து நிமிடம் வீண். யாரும் போகமாட்டார்கள், குறுக்கே பாய்வார்கள். ஊருக்குள் 80 முதல் 150 மீட்டருக்கு ஒன்று இருப்பது நியாயம் என்பது என் கருத்து.

சிக்னலில் பச்சை மனிதன் வருவதற்குள் பாதி வாழ்க்கை முடிந்துவிடுகிறதே?

முடிந்துவிடுகிறது, வந்ததும் உடனே ஓடியும் போய்விடுகிறது. சிக்னல் நேரத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் வெகுகாலமாக எடுத்துக்கொண்ட நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். அந்தக் கணக்கில் 15 மீட்டர் சாலையைக் கடக்கப் பன்னிரண்டரை நொடி. ஆனால் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு 19 நொடி வேண்டும். அவர் சாலையின் நடுவே இருக்கும்போதே விளக்கு மாறிவிடும். அமெரிக்காவில் இந்த அடிப்படை வேகத்தை 2009-இல் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள்.

சிங்கப்பூரில் அதே 2009-இல் வேறொரு வழி வந்தது. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால், பச்சை கூடுதலாகச் சில நொடிகள் நிற்கும். இன்னொன்றும் செய்யலாம்: வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 நொடிகள் முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை கொடுத்துவிடுவது. திரும்புகிற வண்டி நகரத் தொடங்கும்போது ஆட்கள் ஏற்கெனவே பாதி வழியில் கண்ணெதிரே இருப்பார்கள். செலவு என்று பார்த்தால் சிக்னல் பெட்டியில் ஒரு அமைப்பை மாற்றுவதுதான்.

வேகத்தை மணிக்கு 30 கி.மீ. ஆக்க வேண்டும் என்கிறார்களே, அது அதிகப்படி இல்லையா?

இயற்பியலைக் கேட்போம். ஆபத்தைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-இல் வருகிறவர் அந்த நொடியில் சுமார் 8 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்து மேலும் 5 மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 13 மீட்டர். 50-இல் வருகிறவர் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறார். அதாவது முதல் வண்டி முழுவதுமாக நின்ற இடத்தில், இரண்டாவது வண்டிக்காரர் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. மோதினால் வெளிப்படும் ஆற்றலும் வேகம் கூடும் அதே மடங்கில் கூடுவதில்லை. அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30-ஐவிட 50-இல் சுமார் 2.8 மடங்கு.

உலகம் முழுவதும் 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 23 சதவீதம் பேர் நடந்து போனவர்கள்.

வேகத்தைக் குறைத்த ஊர்கள் நிறையவே இருக்கின்றன. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரம் 1992-இலேயே பெரிய சாலைகள் தவிர மற்ற எல்லாத் தெருக்களுக்கும் 30 என்று வைத்தது. பிரஸ்ஸல்ஸும் பாரிஸும் 2021-இல் நகரின் பெரும்பகுதிக்கு அதைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு ஸ்பெயின், ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் 30 என்று சட்டம் போட்டது. ஹெல்சிங்கியில் 2019-இல் நடந்துபோன ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. ஆஸ்லோவிலும் அந்த ஆண்டு அப்படித்தான்.

"நேரம் வீணாகுமே" என்பார்கள். 2 கி.மீ. தூரத்தை நிற்காமல் 50-இல் ஓட்டினால் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 30-இல் ஓட்டினால் 4 நிமிடம். நிற்காமல் ஓட்டுவது என்பதே நகரத்தில் கற்பனை. அந்த ஒன்றரை நிமிடமும் அடுத்த சிக்னலில் கரைந்துவிடும்.

பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகலமாகவும் நேராகவும் இருக்கிற சாலை 'அழுத்து, அழுத்து' என்று காலைச் சீண்டிக்கொண்டே இருக்கும். தடத்தைக் குறுக்க வேண்டும், முனை வளைவைச் சிறிதாக்க வேண்டும்.

தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினால் கடைக்காரர்கள் பாடு என்ன?

இந்தப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. கோபன்ஹேகனில் 1962-இல் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவை, சுமார் 1.1 கி.மீ. நீளத்துக்கு, வாகனங்களுக்கு மூடினார்கள். அப்போது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். இது இத்தாலி இல்லை, இந்தக் குளிரில் தெருவில் உலவுவது நம் பழக்கம் இல்லை என்றுகூட வாதம் எழுந்தது. முதலில் சோதனையாகத்தான் தொடங்கினார்கள். இன்று அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தத் தெரு நடப்பவர்களிடமே இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன.

கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கூடுதலாக நினைத்துக்கொள்வது வழக்கம். கடை வாசலில் ஒரு கார் நின்றால் அது கண்ணில் படும். நடந்து வந்த இருபது பேர் கண்ணில் படமாட்டார்கள். எனவே பேச்சுவார்த்தைக்கு முன் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதே சமயம் அவர்களின் கவலை முழுக்கக் கற்பனையும் இல்லை. சரக்கு இறக்க நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் சில மணி நேரம் வண்டிகளை விடுவது பல ஊர்களின் வழக்கம். வேலை நடக்கும் மாதங்களில் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரர் காணாமல் போனால், அந்த நட்டம் உண்மையானது. திட்டத்தின் எதிரிகள் பலர் அந்தக் காலத்தில் உருவானவர்கள்தான்.

ஒரு தெருவை மூடினால் பக்கத்துத் தெருவில் நெரிசல் வராதா?

தனியாக ஒரே ஒரு தெருவை மூடினால் வரலாம். அதனால்தான் பகுதி பகுதியாக யோசிக்க வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017-இல் தன் மையப் பகுதியைச் சில துண்டுகளாகப் பிரித்தது. எந்தத் துண்டுக்குள்ளும் காரில் போகலாம். ஆனால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நேரே குறுக்காகப் போக முடியாது, வெளிச்சுற்றுச் சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் எல்லாப் பக்கமும் திறந்தே இருக்கிறது. ஊருக்குள் வேலை இல்லாமல் குறுக்குவழியாக மட்டும் ஓடும் வண்டிகள் இதில் கழன்றுபோயின. பார்சிலோனாவின் 'சூப்பர் பிளாக்' திட்டமும் இதே யோசனையின் இன்னொரு வடிவம்.

தெருவோர வியாபாரிகளை அகற்றினால்தானே நடக்க இடம் கிடைக்கும்?

நடைபாதையை அதிகம் தின்பது எது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். நிறுத்திவைத்த டூவீலர்களும் கார்களும்தான் பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கும். ஆனால் கூடையோடு உட்கார்ந்திருப்பவரைக் கிளப்புவது எளிது, காரைக் கிளப்புவது கடினம். அதனால் நடவடிக்கை எப்போதும் கூடையின் மேல்தான்.

வியாபாரிகள் இருக்கும் தெருவுக்கு ஆள் வருகிறது, இரவில் வெளிச்சமும் இருக்கிறது. நடக்கும் பகுதியை விட்டு, கம்பங்களும் மரங்களும் இருக்கும் அந்தச் சாலையோரப் பட்டையில் அவர்களுக்கு அளந்து இடம் கொடுத்தால் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. பார்க்கிங் இடம் ஒன்றை எடுத்தால் இரண்டு மூன்று பேர் உட்காரலாம்.

வெயிலிலும் மழையிலும் யார் நடப்பார்கள்?

நிழல் இருந்தால் நடப்பார்கள். வெப்ப ஊர்களில் மரம் என்பது அழகுக்கான பொருள் இல்லை. சாலைக்குத் தார் எப்படியோ அப்படி நடைபாதைக்கு மரம். சாலை விரிவாக்கத்தில் முதலில் விழுவதும் அதுதான். புதிதாக நட்ட கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இருக்கிற மரத்தைச் சுற்றிப் பாதையை வளைப்பதே மலிவான வழி.

மரம் வளரும்வரை கூரை போடலாம். சிங்கப்பூர் 2013-இல் தொடங்கி 2018 வரை சுமார் 200 கி.மீ. நீளத்துக்குக் கூரையிட்ட நடைபாதைகளைப் புதிதாகச் சேர்த்தது. ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவ நிலையம் போன்றவற்றை அவை இணைக்கின்றன. மழைக்கு இன்னொரு தேவையும் உண்டு, வடிகால். சேற்றை வாரியடித்துக்கொண்டு போகும் ஒரு வண்டி போதும், வேலைக்கு நடந்து போகும் ஒருவரின் பழக்கத்தை மாற்ற.

இரவில், குறிப்பாகப் பெண்கள், தைரியமாக நடக்க என்ன வேண்டும்?

வெளிச்சம் என்றதும் உயரமான கம்பங்களை நடுகிறார்கள். அவை சாலைக்கு வெளிச்சம் தரும். மரக்கிளைக்குக் கீழே இருக்கும் நடைபாதை இருட்டாகவே கிடக்கும். நடப்பவருக்குத் தாழ்வான, அடுத்தடுத்த விளக்குகள் வேண்டும், எதிரே வருபவரின் முகம் தெரியும் அளவுக்கு.

ஆனால் வெளிச்சத்தைவிடப் பெரிது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே மதில் சுவர், ஒரு பக்கம் சாலை என்றால், எத்தனை விளக்குப் போட்டாலும் அங்கே பயம்தான். ஜன்னலும் வாசலும் கடையும் தெருவைப் பார்த்து இருந்தால் யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார். பெரிய வளாகங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே சுவரின் உயரத்தையும், உள்ளே பார்வை போகும்படி இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம். சுரங்கப்பாதைகளைப் பற்றி ஒரே வரி: தப்பிக்க இரண்டே வாசல் உள்ள இடத்தில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

எந்தத் தெருவைத் தவிர்க்கிறார்கள் என்று பெண்களிடமே கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து போடும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

பார்வையற்றோர், சக்கர நாற்காலியில் போகிறவர்கள் நிலை?

அவர்களுக்கு ஏற்ற தெரு எல்லோருக்கும் ஏற்றது. அவர்களை வைத்தே வடிவமைத்துவிட்டால் தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தரையில் பதிக்கும் புடைப்புள்ள மஞ்சள் பட்டைகளை உருவாக்கியவர் ஜப்பானின் செயிச்சி மியாகே. 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீண்ட கோடுகள் 'தொடர்ந்து போ' என்றும், வட்டப் புள்ளிகள் 'நில், கவனி' என்றும் பொருள்படும். இதைப் புரியாமல் அலங்காரம் போலப் பதித்து, மரத்தின் மேலேயே கொண்டுபோய் முட்டவிடும் வேலை நிறைய நடக்கிறது. பதித்து முடித்ததும் ஒரு பார்வையற்றவரை நடக்கச் சொல்லிப் பார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் என்று விதி வைக்கலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்தி அனுப்புவது ஆபத்து இல்லையா?

பள்ளி வாசலில் பெரிய ஆபத்து, மற்ற பெற்றோர்களின் வண்டிகள்தான். ஆபத்து என்று எல்லோரும் வண்டியில் கொண்டுவிடுகிறார்கள். எல்லோரும் வண்டியில் வருவதால் ஆபத்து கூடுகிறது. பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் மட்டும் வாசல் தெருவை வண்டிகளுக்கு மூடிவிடுவது ஐரோப்பாவின் பல நகரங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு தடுப்பும் ஒரு தன்னார்வலரும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

'நடைப் பேருந்து' என்று இன்னொன்று இருக்கிறது. 1990-களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விச் முன்வைத்த யோசனை. இரண்டு பெரியவர்கள் ஒரு வழியில் நடந்து போவார்கள், பிள்ளைகள் வழியில் சேர்ந்துகொண்டே வருவார்கள், நேரம் குறித்த நிறுத்தங்களோடு. பெற்றோர் முறை வைத்துக்கொண்டால் வாரம் ஒரு நாள்தான் ஒருவர் போக வேண்டியிருக்கும்.

தினம் 10,000 அடி நடக்க வேண்டுமாமே?

அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. வேலைக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால், ஐந்து நாளில் 150 வந்துவிடும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

நான் தனி ஆள். எங்கே தொடங்குவது?

ஊர் முழுக்கத் திருத்தப் போகாதீர்கள். ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, அல்லது பள்ளி வரை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரையும் ஒரு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நடந்து, அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாண்டிக் குதித்துவிடும் பள்ளம் உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படம், அளந்த அகலம், பக்கத்துக் கட்டடத்தின் கதவு எண்.

அப்புறம் எண்ணுங்கள். காலை உச்ச நேரத்தில் ஒரு மணி நேரம் ஓர் இடத்தில் நின்று, எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் எத்தனை பேர் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்று இரண்டு எண் எடுங்கள். வண்டிகளை எண்ணி வைத்திருக்கும் அலுவலகத்தில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. அந்த ஒரு காகிதத்துக்கு, பத்துப் பக்கப் புகார்க் கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

மனுவில் "நடைபாதை மோசமாக உள்ளது" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். "இன்ன கதவு எண் எதிரில் மூடி இல்லாத வடிகால், 60 செ.மீ. அகலம்" என்று எழுதினால் யாராவது ஒருவர் போய்ப் பார்த்தே தீர வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. எந்தத் துறைக்கு உரியது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்; நடைபாதை ஒரு துறை, மின்பெட்டி வேறு துறை, சிக்னல் காவல்துறை என்று பிரிந்திருப்பது வழக்கம். மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் மூவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

முதல் கோரிக்கை சின்னதாக, ஒரு மாதத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும்: ஒரு மூடி, ஒரு சரிவு, அழிந்துபோன ஜீப்ரா கோடு. அது முடிந்ததும் நன்றி சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், அதிலேயே இரண்டாவது கோரிக்கையையும் சேர்த்து.